பாசிதான் என்று நான் சொன்னது

புன்னை மரத்தடியில் முளைத்த ஒன்றைப் பார்த்து "பாசிதான்" என்று நான் சொன்னேன். சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்கு நேரமாகி ஓடிக்கொண்டிருந்தபோது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அந்தப் பாசி தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்ந்து வீட்டுக்கார அம்மாவின் வயிற்றுக்குள் போய்விட்டது.

நாடு சுதந்திரம் பெற்றுப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும். தாவரவியல் படித்து முடித்திருந்த எனக்கு, திருப்புல்லாணிக்குக் கிழக்கே கடலோர ஊர் ஒன்றில், சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஓட்டுக் கூரை, நான்கு மேசை, ஒரு மைக்ராஸ்கோப். கடலில் முளைக்கும் பாசிகளை வரவழைத்து, அலசி, தாளில் ஒட்டி, பெயர் எழுதி வைப்பதுதான் அங்கே வேலை. பெயர்ச்சீட்டு எழுதுவது என் பொறுப்பு. வரிசை எண், பெயர், இடம், பறித்தவர், ஆழம், நிறம் என்று ஆறு கட்டம். அதில் ஒன்று காலியாக இருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. கடலாடியில் இருந்த என் அப்பாவுக்கு எழுதும் கடிதத்தைக்கூட எண் போட்டுத்தான் எழுதுவேன். அவரும் எண் போட்டே பதில் அனுப்புவார். "3. ஆம். 4. இல்லை. 5. உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்."

நான் தங்கியிருந்தது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மாடி அறையில். வீட்டுக்கார அம்மாவைத் தெருவே லாத்தா என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கணவர் கொழும்பில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். வீட்டில் லாத்தாவும் மகளும் மட்டும். மகளுக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவள், சிலேட்டை விடவில்லை. துணியில் பூ போடுவதற்கு முன் அதில்தான் வரைந்து பார்ப்பாள். அந்த வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அவள் அலைச் சத்தத்திலேயே வளர்ந்தாள், ஆனால் கரைக்குப் போனதில்லை. கடலுக்குள் என்ன முளைக்கிறது என்பதை நான் கொண்டுவந்து காட்டிய தாள்களில்தான் பார்த்திருந்தாள்.

லாத்தா செய்யும் கடல்பாசிக்கு ஊரில் பெயர் உண்டு. காய்ந்த பாசியைக் கொதிக்க வைத்தால் அது கரைந்து கூழாகும். வடிகட்டி, தேங்காய்ப்பாலும் சீனியும் பன்னீரும் சேர்த்துத் தாம்பாளத்தில் ஊற்றினால் ஆறும்போது உறைந்துவிடும். கத்தியால் சாய்சதுரமாக வெட்டி வைப்பார்கள். லாத்தாவின் வில்லைகள் தட்டில் வைத்ததும் ஒரு நடுக்கம் நடுங்கி நிற்கும். நடுக்கம் நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

அந்த வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்து நாலரை மணிக்கு, மகளைப் பார்க்க மாப்பிள்ளையின் உம்மா வருவதாக இருந்தது. இரண்டு தெரு தள்ளி வீடு. பெண் பார்க்கப் போகும் வீட்டில் முதலில் பலகாரத்தைப் பார்ப்பார், பிறகுதான் பெண்ணைப் பார்ப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்லுவார்கள். லாத்தா ஒரு மாதமாகவே அந்தத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். ஆனால் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கடல் கலங்கிக் கிடந்ததால் பாசி எடுக்கும் பெண்கள் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. வீட்டுப் பானையில் இருந்த பாசி தீர்ந்துபோயிருந்தது.

இந்த நிலையில்தான் செவ்வாய்க்கிழமை காலை மகள் ஒரு தட்டை என் முன்னால் நீட்டினாள்.

"அக்கா, இது பாசிதானே?"

அடுப்பு மேட்டில் வைத்துக் காயவைத்திருந்தாள். வெளிறிய சந்தன நிறம். ஒரே அடியிலிருந்து இரண்டு இரண்டாகப் பிரிந்து, கிளைவிட்டு, நுனியில் கூர்ந்திருந்தது. லாத்தா வழக்கமாகக் காய்ச்சும் மரிக்கொழுந்துப் பாசி, வெயிலில் வெளுத்தால் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். இடம் எது என்பது என் மூன்றாவது கட்டம். ஆயிரம் சீட்டில் அதை எழுதியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

"பாசிதான்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தேன்.

வெள்ளிக்கிழமை, விருந்துக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். லாத்தா அடுப்படியில் தாம்பாளத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா புள்ள. உன் பாசி என்ன இந்த அடம் பிடிக்குது? காலையில இருந்து உறைய மாட்டேங்குது."

"என் பாசியா?"

"பின்ன? நீதானே பாசிதான்னு சொன்னியாம். ரெண்டு மணி நேரம் கொதிச்சும் கரையல. பல்லுக்குச் சிக்குற மாதிரி அப்படியே கிடக்கு. வடிச்சு ஊத்தினேன். பாரு, கஞ்சித் தண்ணி மாதிரி ஆடுது."

ஆடத்தான் செய்தது. தாம்பாளத்தைத் தட்டினால் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அலை போனது. எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அம்மிக்குப் பக்கத்தில் சுளகில் இன்னும் காயவைக்காத கொத்து ஒன்று கிடந்தது. எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தேன். கடலில் முளைப்பதன் அடியில் மணல் இருக்கும், சிப்பி இருக்கும், கல் துணுக்கு இருக்கும். இதன் அடியில் மட்கிய புன்னை இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதை எங்கன எடுத்தே?" என்று மகளைக் கேட்டேன். மூன்று நாள் தாமதமாக.

"நம்ம கொல்லையிலதான் அக்கா. புன்னை மரத்தடியில."

"கொல்லையில பாசி எப்படி முளைக்கும்?"

"கொல்லைக் கிணத்துல தண்ணி உப்பாத்தானே வருது. கடல் அடியோட அங்கன வரைக்கும் வருதுன்னா, பாசி வராதா?"

கிணறு உப்பு என்பது உண்மை. கொல்லைச் சுவரே கடலிலிருந்து வெட்டி வந்த பவளக்கல். சுவருக்குள் நிற்கும் ஒருத்தி, கடல் பாதி வழி வந்துவிட்டது என்று நினைத்தால் அதில் குறை காண முடியாது. குறை, பாசிதான் என்று சொன்னவளிடம் இருந்தது.

"லாத்தா, இது பாசி இல்லை. காளான். பவளம் மாதிரி கிளைவிட்டு வளர்றதால பவளக் காளான்னு சொல்லுவாங்க. நான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

லாத்தா தாம்பாளத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"நீங்க இதைக் குடிச்சுப் பாத்தீங்களா?"

"சீனி பாக்க ஒரு சொட்டு."

"ஒரு சொட்டா?"

"ஒரு கரண்டின்னு வையேன்."

"உம்மா" என்றாள் மகள்.

"சரி, ஒரு கிண்ணம். நோன்பா இருக்கு இன்னைக்கு? பசிச்சுது, குடிச்சேன். உறையலையே தவிர ருசி ஒண்ணும் குறைச்சல் இல்ல." பிறகு குரல் இறங்கியது. "ஏன் புள்ள, ஒண்ணும் பண்ணாதுல்ல?"

ஒன்றும் பண்ணாது என்று சொல்ல வாய் வந்தது. செவ்வாய்க்கிழமை அப்படி வாய் வந்துதான் இந்த நிலைமை. "தெரியலை லாத்தா. பாத்துச் சொல்றேன்" என்றேன்.

மணி பன்னிரண்டரை. நாலரைக்கு விருந்தாளி. அதற்குள், ஒரு கிண்ணம் குடித்தவருக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டும். கம்பவுண்டர் வீட்டுக்கு ஆள் விட்டோம். வாந்தி வந்தால் உடனே சொல்லுங்கள் என்று பதில் வந்தது. ஆய்வுக்கூடத்து மைக்ராஸ்கோப் பயன்படாது. மழை ஈரத்தில் அதன் லென்சில் பூஞ்சை படர்ந்து, சுத்தம் செய்ய மதுரைக்கு அனுப்பியிருந்தோம். பூஞ்சையைப் பார்க்க வேண்டிய கருவியைப் பூஞ்சையே முந்திக்கொண்டு தின்றிருந்தது. என்னிடம் இருந்தவை: ஒன்று, கைலென்ஸ். இரண்டு, கல்லூரி நோட்டு. மூன்று, காளான்களைப் பற்றிய ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம்.

புத்தகம் முதல் கேள்வியிலேயே கையை விரித்தது. எந்த மரத்தடியில் கிடைத்தது, ஓக்கா, பீச்சா, பைனா என்று கேட்டது. புன்னை என்று பதில் சொல்ல அதில் இடமே இல்லை. எழுதியவர் எங்கள் கொல்லைக்கு வந்ததில்லை என்பது தெரிந்தது. மூடி வைத்தேன்.

கல்லூரி நோட்டில் பவளக் காளானுக்கு மூன்று வரி இருந்தது. என் கையெழுத்துதான். வித்துத்தூள் வெள்ளையாக இருந்தால் அந்த வகைகள் மீது பெரும்பாலும் புகார் இல்லை. வித்துத்தூள் காவி கலந்த மஞ்சளாக இருந்தால் சில வகைகள் வயிற்றைக் கடுமையாகக் கலக்கும். எப்படியானாலும் பெயர் தெரியாததைத் தின்னாதே. மூன்றாவது வரிக்குக் காலம் கடந்திருந்தது. முதல் இரண்டு வரி மிச்சம் இருந்தது.

குடையை எடுத்துக்கொண்டு மகளும் நானும் கொல்லைக்குப் போனோம். எட்டுப் புன்னை, இரண்டு பூவரசு, ஒரு வேம்பு. காளான் முளைத்திருந்தது மூன்றாவது புன்னைக்கும் நான்காவது புன்னைக்கும் நடுவில் மட்டும். சருகை விலக்கினால் கொத்துக் கொத்தாக, சுண்டுவிரல் உயரத்தில், சின்னச் சின்னப் பவளப் பாறைகள். மழைத்துளி நின்ற இடத்தில் மினுங்கின. இவ்வளவு அழகான ஒன்றைப் பார்க்காமலே பெயர் சொல்லியிருக்கிறேன் என்று கூச்சமாக இருந்தது.

நான் கேட்கக் கேட்க அவள் பார்த்துச் சொன்னாள். சிலேட்டில் எழுதிக்கொண்டேன்.

"தண்டு?"

"கட்டையா ஒண்ணு. அதுல இருந்துதான் எல்லாம் பிரியுது."

"நுனி?"

"கூரா இருக்கு. சிலதுல நுனியில பல்லு பல்லா."

"நசுக்கினா நிறம் மாறுதா?"

அவள் ஒன்றை நசுக்கி, விரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "இல்லை. அப்படியே இருக்கு."

"வாசம்?"

"மழை பெஞ்ச தரை மாதிரி. கடல் வாசம் துளிகூட இல்ல." அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, இதை அன்னைக்கே மோந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டேன்.

உள்ளிருந்து லாத்தாவின் குரல் வந்தது. "ஏ புள்ள, நான் மௌத்தாகுறதுக்கு முன்னாடி உன் பட்டியல் முடியுமா?"

"வயிறு வலிக்குதா லாத்தா?"

"வலிக்கல. சும்மா கேட்டேன்."

அடுத்தது வித்துத்தூள். காளானின் வித்து மாவைவிட மெல்லியது. கொத்தைத் தட்டையான இடத்தில் கிடத்தி மூடிவைத்தால் சில மணி நேரத்தில் தானே உதிரும். சிலேட்டில் எழுதியதை நோட்டுக்கு மாற்றிக்கொண்டு, சிலேட்டைத் துடைத்து, பாதியை வெள்ளைத் தாளால் மூடினேன். கொத்தைப் பாதி கறுப்பிலும் பாதி வெள்ளையிலும் படும்படி கிடத்தி, மேலே பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கூடத்து மேசையில் வைத்தேன்.

"இனி?" என்றார் லாத்தா.

"காத்திருக்கணும்."

"பாசிக்கும் காத்திருந்தேன். இதுக்கும் காத்திருக்கேன். இந்த வீட்டுல எதுவுமே சட்டுன்னு ஆகாது போல."

காத்திருந்த நேரத்தில்தான் இன்னொன்று தெரிந்தது. வடித்த சக்கையை லாத்தா காலையிலேயே கோழிகளுக்குப் போட்டிருந்தார். கோழிக்கு ஒத்துக்கொண்டது மனிதருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. இருந்தாலும் கால் மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்து நோட்டில் எழுதினேன். கோழிகள் ஆறு. நடப்பவை ஆறு. சண்டை போடுபவை இரண்டு. மூன்று மணிக்கு நடப்பவை ஐந்து என்று எழுத நேர்ந்தபோது பேனா கொஞ்சம் நின்றது. ஆறாவது, உரலுக்குப் பின்னால் முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

லாத்தா ஊஞ்சலில் படுத்துத் தன் வயிற்றைத் தானே கவனித்துக்கொண்டிருந்தார். "பவளம்னு சொன்னியே. நிஜப் பவளம்னா கழுத்துல போட்டிருப்பேன். என் ராசிக்கு வயித்துல போட்டுக்கிட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஏதோ கடமுடன்னு சத்தம் வருது."

நான் எழுந்தேன்.

"அது உன் வயிறு" என்றார். "சோறு தின்னியா நீ?"

தின்னவில்லை.

நான்கு மணிக்குக் கிண்ணத்தைத் தூக்கினேன். கொத்தை மெல்ல எடுத்தேன். சிலேட்டுப் பாதியில், கிளையும் நுனியுமாக, புகையால் வரைந்ததுபோல் ஒரு பாதி மரம் பதிந்திருந்தது. மகள் மூச்சை உள்ளே இழுத்தாள். ஆனால் அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கறுப்பில் எந்தத் தூளும் வெளுப்பாகத்தான் தெரியும். வெள்ளைத் தாளில் என்ன விழுந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. காவி மஞ்சள் என்றால் தாளில் கறையாகத் தெரிந்துவிடும். தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மகளிடம் கொடுத்தேன். "இதுல என்ன தெரியுது?"

அவள் நன்றாகப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியல அக்கா."

"எந்த நிறமும்?"

"ஒண்ணுமே இல்ல."

"சிலேட்டுல விழுந்தது தாளுலயும் விழுந்திருக்கும். வெள்ளையில தெரியலைன்னா அதுவும் வெள்ளை" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

லாத்தா ஊஞ்சலில் எழுந்து உட்கார்ந்தார். "ஒண்ணும் தெரியலைங்கிறதுக்கா ரெண்டு பேருக்கும் இவ்வளவு சந்தோஷம்?"

அவருக்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன். முழுப் பெயர் எனக்குத் தெரியாது. இது கெடுதல் செய்யும் என்று பெயர் வாங்கிய பிரிவில் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. மூன்றரை மணி நேரமாக உங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ராத்திரிவரை பார்த்துக்கொள்ள வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், யாருக்கும் கொடுக்கக் கூடாது. லாத்தா கடைசி வாக்கியத்தில்தான் அதிர்ந்தார்.

"கொட்டிட்டு? அந்தம்மாவுக்கு என்னத்தை வைக்க?"

அதற்கு யாரும் பதில் சொல்லுமுன் வாசலில் சலாம் கேட்டது. மாப்பிள்ளையின் உம்மா கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

உயரமான மனுஷி. உள்ளே வந்து, உட்கார்ந்து, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். மகள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். வந்தவரின் கண் மேசைக்குப் போனது. நாங்கள் பதற்றத்தில் சிலேட்டை அங்கேயே விட்டிருந்தோம்.

"இந்தப் படம் யாரு வரைஞ்சது?"

"யாரும் வரையல மாமி. அதுவே வரைஞ்சிச்சு" என்றாள் மகள்.

லாத்தா கண்ணால் அடக்கினார். அவள் அடங்கவில்லை.

"இது காளானோட வித்து. பாசின்னு நினைச்சுக் கொல்லையில நான்தான் பொறுக்கினேன். உறையல. அதனால இன்னைக்குக் கடல்பாசி இல்ல மாமி. உம்மா மட்டும் ஒரு கிண்ணம் குடிச்சிட்டாங்க. கெடுதல் பண்ற வகையான்னு பாக்கத்தான் இதை வச்சோம். வெள்ளையா இருக்கிறதால பயம் கம்மி."

நான் குறுக்கிட்டேன். "பாசின்னு சொன்னது நான். அவ கேட்டுட்டுத்தான் செஞ்சா."

வந்தவர் லாத்தாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?"

"இப்ப நல்லா இருக்கு. நீங்க வந்த பிறகு கொஞ்சம் பயமா இருக்கு" என்றார் லாத்தா.

அந்தம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகுதான் சத்தம் வந்தது. "எத்தனையோ வீட்டுல பொண்ணு பாத்திருக்கேன். பலகாரம் கெட்டுப்போனா பூனை தட்டிவிட்டுச்சும்பாங்க. எத்தனை பூனை மேல பழி! இங்கனதான் முதல்தடவை உள்ளதைச் சொல்லியிருக்காங்க." சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, கிளைகளை விரலால் தொடாமல் பின்தொடர்ந்து பார்த்தார். "என்ன வச்சிருக்கீங்க, அதைக் கொடுங்க."

வீட்டில் இருந்தது ஆறாவது கோழியின் முட்டை. கோழி சக்கை தின்றிருந்ததால் அதையும் நான் தடுத்துவிட்டேன். கடைசியில் தேநீரும் பொரிகடலையும் கொடுத்தோம்.

லாத்தாவுக்கு அன்றும் ஒன்றும் ஆகவில்லை, மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டு நிபந்தனை ஒன்றே ஒன்று: நிக்காஹ் அன்றைக்கு வைக்கும் கடல்பாசி உறைய வேண்டும்.

காய்ந்த கொத்து ஒன்றை நான் தாளில் ஒட்டி, வரிசை எண் போட்டுச் சீட்டு எழுதினேன். பெயர்: பவளக் காளான் மாதிரி. இடம்: லாத்தா வீட்டுக் கொல்லை, மூன்றாம் நான்காம் புன்னைகளுக்கு நடுவே. பறித்தவர்: மகள். நிறம்: வெளிறிய சந்தனம். ஆழம் என்ற கட்டம் நிலத்துக்குப் பொருந்தவில்லை. காலியாக விட மனம் வராமல், ஒரு கிண்ணம் என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு எந்தப் பெயருக்குப் பின்னாலும் 'தான்' போட எனக்குக் கை வந்ததில்லை. கார்த்திகை கடைசியில் ஒருநாள் மகள் ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். மாப்பிள்ளையின் படம்.

"அக்கா, நீங்க பாத்துச் சொல்லுங்க. நல்லவர்தானே?"

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். லென்சையும் எடுத்தேன்.

"நல்லவர் மாதிரி தெரியுது" என்றேன்.

"மாதிரியா?" என்றாள் அவள். படத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "சரி, சிலேட்டை எடுத்துட்டு வாரேன். கிண்ணத்தைப் போட்டு மூடி வைப்போம்."